அட்டிக்கில் மினுங்கும் துகள்: தொடாமல் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் நாங்க வாங்கின வீடு 1950களில் கட்டினது. லேன் கேபிள் இழுக்கலாம்னு ஏணி போட்டு, கூரைக்கடியில் இருக்கிற அட்டிக்கைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் தங்க நிறத்தில் ஏதோ மினுங்கியது. அப்படியே இறங்கிட்டேன். ஏன்னு சொல்றேன்.

குளிரும் வெயிலும் இறங்காம இருக்க அங்கே இன்சுலேஷன் போட்டிருப்பாங்க. மெத்தை மாதிரி, இளஞ்சிவப்பு, மஞ்சள்னா ஃபைபர்கிளாஸ். கிழிச்ச பேப்பர் மாதிரி சாம்பல் நிறம்னா செல்லுலோஸ். பளபளப்பில்லாத அழுக்குப் பஞ்சுன்னா ராக்வூல். பொடிக் கூழாங்கல் மாதிரி, பழுப்பாவோ வெள்ளி, தங்க நிறமாவோ, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பா இருந்தா அது வெர்மிகுலைட்.

வெர்மிகுலைட் மேல தப்பில்லை. அது வந்த இடம்தான் பிரச்சினை. 1990 வரைக்கும் அமெரிக்காவில் விற்றதில் 70 சதவீதத்துக்கு மேல் மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே பாறையிலேயே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்த இழையை மூச்சில் இழுத்தா, பல வருஷம் கழிச்சு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம்.

ஒரு பிடி அள்ளி லேபுக்கு அனுப்பலாமேன்னு தோணும். ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னா கோடில் பக் இல்லைன்னு சொல்வோமா? இதுவும் அப்படித்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்றது இதுதான்: ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னே வெச்சுக்கோங்க. கிளறாதீங்க, அங்கே பெட்டி அடுக்காதீங்க. எடுக்கணும்னா பயிற்சி பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்க.

என் கேபிள் இப்போ ஹால் சுவரோரமா ஓடுது. பார்க்க அசிங்கம்தான், பரவாயில்லை.