ஹார்வி ஆலையும் நம் முன்னோரும்

"எங்கள் பாட்டனார் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர்" என்று பெருமையுடன் கூறும் குடும்பங்கள் மதுரையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பல உள. எந்த ஆலை, எந்த ஆண்டு, என்ன வேலை என்று வினவினாலோ விடை கூறுவார் சிலரே. அவ்விடையைத் தேடும் வழியை ஈண்டு ஒருவாறு விளக்குவோம்.

முதற்கண் அறியவேண்டுவது, ஹார்வி மில் என்பது ஓர் ஆலையன்று என்பதே. ஸ்காத்லாந்து தேசத்தவரான ஹார்வி சகோதரர் மூன்று ஊர்களில் நூற்பாலைகளை நிறுவினர். பாபநாசத்து அருவிநீரின் விசையைக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்து ஆலை நடந்தது. தூத்துக்குடியில் கோரல் மில் 1888-லும், மதுரையில் மதுரா மில் 1892-லும் தோன்றின. இம்மூன்றும் 1929-ல் மதுரா மில்ஸ் கம்பெனி என ஒன்றாயின. 1974-ல் மதுரா கோட்ஸ் என்னும் பெயர் வந்தது. ஆகவே, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஒரு கிழிந்த சீட்டு, தேதியை இழந்திருப்பினும் தன் காலத்தை ஒருவாறு சொல்லிவிடும். தூத்துக்குடித் தொழிலாளி ஒருவரின் சீட்டில் மதுரா மில்ஸ் என்றிருப்பின், அது 1929-க்கு முற்பட்டதாதல் அரிது. மதுரையிலோ இக்குறிப்பு பயன்படாது. அங்கே முதலிலிருந்தே அப்பெயர்தான். வாய்ப்பேச்சோ எதற்கும் சான்றாகாது; கம்பெனி எத்துணைப் பெயர் மாற்றினும் ஊரார்க்கு அது ஹார்வி மில்லே.

அடுத்தது வயது. 1881-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாது என்றது. 1891-ல் அவ்வெல்லை 9 ஆயிற்று. 1922-ல் 12 ஆயிற்று. பிறந்த நாளைக் குறித்து வையாத குடும்பங்களே மிகுதியாதலின், மருத்துவர் சிறுவரின் உடற்கட்டையும் பல்லையும் பார்த்தே வயதை மதித்தார். கூலியை நாடிய பெற்றோரும் ஓரிரண்டு ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லத் தயங்கியிரார். எனவே ஆலைக் காகிதத்து வயதை வேதவாக்காகக் கொள்ளலாகாது.

இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு ஒரு செய்தியைச் சோதிப்போம். 1908-ம் ஆண்டு பெப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நடந்த அப்போரில் தொழிலாளரே வென்றனர். அதில் தம் பாட்டனார் பங்குகொண்டார் என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அப்பாட்டனார் 1958-ல், தமது 58-ம் வயதில் ஓய்வுபெற்றவராயின், வேலைநிறுத்தக் காலத்தில் அவர்க்கு வயது எட்டே. வயதைக் கூட்டிச் சொல்லி அவரும் ஆலைக்குள் இருந்திருக்கலாம். அன்றேல், கதை அவருடைய தந்தையாரதாக இருந்து மகன்மேல் ஏறியிருக்கலாம். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் நம் வழக்கம் இம்மயக்கத்தை இன்னும் பெருக்குகிறது. வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட பெருமையை நாம் ஒருவரிடமிருந்தும் பறிக்க விரும்புகிலோம். அப்பெருமை உரியவரைச் சேரவேண்டும் என்பதே நம் கருத்து.

சான்றுகள் எங்கே கிடைக்கும்? சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக்காப்பகத்தில் தொழிற்சாலைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகள் உண்டு. ஆனால் அவற்றில் ஆலைகளின் பெயரைக் காணலாமேயன்றிக் கூலியாளின் பெயரைக் காண்டல் அரிது. 1952-ல் வந்த சேமநிதிச் சட்டம் நெசவு, நூற்புத் தொழில்களை முதலிலேயே தழுவியது. அதற்குப் பிற்பட்டவர்களுக்குக் கணக்கு எண்ணுள்ள சீட்டு வீட்டிலேயே இருத்தல் கூடும். அதற்கு முற்பட்ட காலத்திற்கு, கிறிஸ்தவக் குடும்பத்தாராயின், திருச்சபைப் பதிவேடுகளே பேருதவி. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும், 1872-ம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்படும் விவாகப் பதிவில் மணமக்களின் வயதும் தந்தையர் பெயரும் குறிக்கப்பெறும். ஒரே தம்பதியரின் பிள்ளைகள் அனைவரின் ஞானஸ்நானப் பதிவுகளையும் வரிசையாகப் பார்த்தால், உழவர் என்றிருந்த தந்தை எந்தப் பிள்ளை பிறந்தபோது மில் வேலைக்காரர் ஆனார் என்பது புலப்படும். ஏனையோர்க்கு நிலப்பத்திரங்கள் ஓரளவு உதவும்.

பாட்டிமாரைத் தேடுவோர்க்குத் தொல்லை அதிகம். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் பெண்கள் பலர் உழைத்தனர். ஆயினும் அவர்கள் கூலி பெற்ற கையை நினைப்பார் இல்லை. "தாத்தா மில்லில் இருந்தார்" என்பதே வீட்டுப் பேச்சு. வீட்டில் மிக முதியவராகிய அத்தையையோ பெரியம்மாவையோ அணுகி, "ஆச்சி என்ன வேலை பார்த்தார்கள்?" என்று தனியே கேளுங்கள், சங்கு ஊதியதும் தூக்குச்சட்டியுடன் புறப்பட்டவர் யார் யார் என்றும் கேளுங்கள். கேட்டதை அன்றே தேதியிட்டு எழுதிக்கொள்க.