100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் வீடியோ கால் திக்குதா? குறை பிளானில் இல்லை, பெட்டியில் இருக்கலாம்

சென்னை, பெங்களூரு கம்பெனி வேலையை உசிலம்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. காலை 10 மணி மீட்டிங். "உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது" என்று டீம் லீட் சொல்கிறார். கேமராவை ஆஃப் செய்துவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவ வேண்டியதுதான். கடுப்பில் அன்றைக்கே 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குகிறோம். மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது, கால் மட்டும் அப்படியே திக்குகிறது.

பிளானை மாற்றுவதற்கு முன்னால், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

முதலில், வீட்டுக்குள் வருவது ஃபைபர்தானா?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் 'ஃபைபர் கனெக்‌ஷன்' என்று சொல்லி, தெருமுனை வரை ஃபைபரும் அங்கிருந்து சாதாரண லேன் கேபிளும் இழுத்துத் தருபவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியில் சொருகியிருக்கும் முனை பச்சை அல்லது நீல நிறத்தில், உள்ளே முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையோடு இருந்தால் அது ஃபைபர். கம்ப்யூட்டரில் சொருகும் அதே லேன் முனை வெளியிலிருந்து வந்தால், தெருவில் எங்கோ கரண்டில் ஓடும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அங்கே கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும்.

முழு ஃபைபர் என்றால் கதை வேறு. ஆபரேட்டர் அலுவலகத்தில் 'ஓஎல்டி' என்ற கருவி இருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஒரே இழையின் ஒளியை, வழியில் 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்னக் கருவி பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதற்குக் கரண்டே தேவையில்லை. வீட்டில் இருக்கும் பெட்டியின் பெயர் 'ஓஎன்டி' அல்லது 'ஓஎன்யூ'. இந்த ஏற்பாடு பொதுவாக 20 கி.மீ. தூரம் வரைக்குமானது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி சுமார் 40 கி.மீ. என்பதால், உங்கள் ஓஎல்டி மதுரையில் அல்ல, ஊருக்குள்ளோ பக்கத்திலோதான் இருக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது.

ஜி-பானா, இ-பானா?

பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்க. ஜி-பான் என்றால் ஒரு இழையில் இறங்கும் வேகம் சுமார் 2.5 ஜிகாபிட். இ-பான் என்றால் 1.25, அதிலும் கழிவு போகக் கைக்கு வருவது 1 ஜிகாபிட்தான். ஒரு இழையை 64 வீடுகள் பகிர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாகப் பயன்படுத்தினால் ஜி-பானில் தலைக்கு 39 எம்பிபிஎஸ், இ-பானில் 15 சொச்சம். எல்லோரும் ஒரே நொடியில் டவுன்லோடு செய்வதில்லை என்பதால்தான் வண்டி ஓடுகிறது. "அண்ணே, நம்ம லைன் ஜி-பானா? ஒரு லைனுக்கு எத்தனை வீடு?" என்று கேபிள் அண்ணனிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பெட்டி வாங்குபவர்கள் சிக்குவதும் இங்கேதான். ஜி-பான் லைனில் இ-பான் பெட்டி வேலை செய்யாது. இரண்டிலும் ஓடும் 'எக்ஸ்-பான்' பெட்டி வாங்கினாலும், அதன் சீரியல் நம்பரையோ மேக் ஐடியையோ ஆபரேட்டர் தன் பக்கம் பதிவு செய்தால்தான் உயிர் வரும். பழைய பெட்டி என்றால், வேறு கம்பெனி லாக் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அண்ணன் "சரி, போட்டுத் தர்றேன்" என்று சொன்ன பிறகு காசு கொடுங்க.

94-ல் நிற்கும் ஸ்பீட் டெஸ்ட்

லேப்டாப்பை லேன் கேபிளில் சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. 200 எம்பிபிஎஸ் பிளானிலும் 94, 95-ஐத் தாண்டவில்லையா? பெட்டியின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது கேபிளில் ஏதாவது ஒரு ஜோடி கம்பி அறுந்திருக்கும். ஸ்டிக்கரில் 'எஃப்இ' என்றிருந்தால் 100, 'ஜிஇ' என்றிருந்தால் 1,000. எஃப்இ போர்ட்டை வைத்துக்கொண்டு பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவது, லேனில் வேலை பார்ப்பவருக்குச் சுத்த வீண்.

லேனில் முழு வேகம் வந்து, வைஃபையில் மட்டும் படுத்துவிட்டால் பிரச்சினை வைஃபைதான். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கும். அட்டையில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும், பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசலில் பாதிகூட வராது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். பெட்டி கீழ் ஹாலில், வேலை மாடியில் என்றால் மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுவதுதான் என் ஓட்டு.

மைனஸ் 27-ஐ ஞாபகம் வைங்க

லேனிலும் வேகம் ஏறி இறங்கினால் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று இருக்கும். இல்லையென்றால் லைன்மேன் கையில் இருக்கும் மீட்டரில் காட்டச் சொல்லலாம். அளவு டிபிஎம்மில் வரும். ஜி-பானில் பரவலாக உள்ள வகையில், பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் நூலில் தொங்குகிறது. எண் 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 27-ல் பெட்டிக்கு வருவது ஒரு மில்லிவாட்டில் 500-ல் ஒரு பங்குதான்.

ஒளி எங்கே போகிறது? 8 வீட்டுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரிலேயே 10 டெசிபல் சொச்சம் போய்விடும், அது கணக்கில் உள்ள செலவு. கணக்கில் வராதது நம் வீட்டுக்குள் நடப்பது. வயரைக் கதவு இடுக்கில் நசுக்குவது, ஆணியில் சுற்றி மடிப்பது, முனையில் தூசி. வளைவைத் தாங்கும் வகை ஃபைபரைக்கூட ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்ன வட்டமாகச் சுற்றக் கூடாது. பச்சை முனையை நீலத் துளையில் சொருகினாலும் ஒளி இழப்புதான், ஏனென்றால் பச்சையின் நுனி 8 டிகிரி சாய்வாகவும் நீலத்தின் நுனி நேராகவும் இருக்கும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீங்க. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்.

சிவப்பில் 'லாஸ்' விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை, வழியில் வயர் அறுந்திருக்கலாம். பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை, நேரே போன் போடுங்க.

கரண்ட் கட் நேரத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், அண்ணன் அலுவலகத்தில் பேட்டரி இருந்தால் உங்கள் பெட்டிக்கு மட்டும்தான் தேவை. வாங்கும்போது அடாப்டரில் உள்ள வோல்ட்டும் (பெரும்பாலும் 12) ஆம்பியரும் யுபிஎஸ்ஸோடு பொருந்துகிறதா என்று பாருங்க. தனி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு முனை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.