சிசேரியனுக்குப் பின் வலி: பொறுக்க வேண்டாம், சொல்லுங்கள்

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன் அறுவைச் சிகிச்சையால் நிகழ்கின்றன. வயிற்றில் செய்யப்படும் பெரிய அறுவைச் சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. பிற அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஓய்வெடுத்தால் போதும். சிசேரியன் செய்துகொண்ட தாயோ அன்றே பாலூட்ட வேண்டும், குழந்தையை அணைக்க வேண்டும், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். எனவே அவருடைய வலியைத் தணிப்பது சிகிச்சையின் இன்றியமையாத பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆயினும் வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி, "பரவாயில்லை டாக்டர், பொறுத்துக்கொள்கிறேன்" என்பதே. பிள்ளை பெற்றவள் வலி தாங்கத்தான் வேண்டும் என்ற எண்ணமும், மாத்திரை பாலில் கலந்து குழந்தையைப் பாதிக்கும் என்ற அச்சமும் இதற்குக் காரணங்கள்.

பொறுத்துக்கொள்வதால் என்ன நேரும்?

வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் இருமாமலும் இருந்தால் நெஞ்சில் சளி தேங்கும். எழுந்து நடக்காவிட்டால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். பிரசவத்தை அடுத்த வாரங்களில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை கொண்டிருப்பதால் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. குழந்தையைச் சரியாக அணைத்துப் பாலூட்ட இயலாதபோது பால் சுரப்பும் தாமதப்படலாம். முதல் சில நாள்களின் கடும் வலிக்கும், பிற்பாடு நீடிக்கும் வலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதும் அறியப்பட்டதே.

வலி ஒன்றன்று

தையலிட்ட இடத்தில் எரிச்சலும் குத்தலுமாக வருவது காயத்தின் வலி. அசையும்போதும் இருமும்போதும் இது மிகும். பாலூட்டும்போது அடிவயிற்றை இறுக்கிப் பிடிப்பது கருப்பை சுருங்குவதால் வருவது. குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் இதற்குக் காரணம். இரத்தப்போக்கைக் குறைக்கும் நல்ல சுருக்கம் இது. இரண்டாம், மூன்றாம் பிரசவங்களில் சற்றுக் கடுமையாக இருக்கும். வயிறு உப்பி இழுத்துப் பிடிப்பது வாயுவின் வலி. நடந்தால் பெரும்பாலும் தணியும். எந்த வலி, எங்கே, எப்போது என்று நீங்கள் சொன்னால்தான் அதற்குரிய மருத்துவத்தை நாங்கள் செய்ய முடியும்.

எவ்வாறு தணிக்கிறோம்?

பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்த பின்னரே நடைபெறுகின்றன. அந்த மரப்பு சில மணி நேரத்தில் விலகும். ஏற்றவர்களுக்கு அதே ஊசியில் மிகச் சிறிதளவு மார்ஃபின் சேர்த்தால், வலித் தணிப்பு 12 முதல் 24 மணி நேரம் வரை நீடிக்கும். அப்போது உடலில் அரிப்போ குமட்டலோ தோன்றினால் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு. சிலருக்கு வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும் போடப்படுகிறது.

அதன்பின் அடிப்படையாக அமைவன பாராசிட்டமாலும், டைக்ளோஃபெனாக் அல்லது இபுப்ரோஃபென் வகை மருந்தும். இவை வெவ்வேறு வழிகளில் செயல்படுவதால், இரண்டும் சேரும்போது வீரியமிக்க மருந்துகளின் தேவை குறைகிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவேதான் முதல் சில நாள்களுக்கு, வலி முற்றும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் கொடுக்கிறோம். வலி குறைவாக இருக்கிறது என்று ஒரு வேளையை நீங்களாகவே தவிர்க்க வேண்டாம்.

இம்மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன; உரிய அளவில் உட்கொள்ளும் தாய் தயங்காமல் பாலூட்டலாம். ஆனால் கோடீன் கலந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். சில பெண்களின் உடல் அதை விரைவாக மார்ஃபினாக மாற்றுவதால், பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்தான மயக்கம் ஏற்படக்கூடும். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய மாத்திரைகளையும் உட்கொள்ள வேண்டாம். வேறு பெயரில் வாங்கும் காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

சிறுநீரக நோய், வயிற்றுப்புண், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை ஆகியவை இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

எழும்போது முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ உதவுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் தையல்மேல் சிறு தலையணையை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். படுத்தபடி ஒருக்களித்தோ, குழந்தையைக் கக்கத்தின் பக்கமாகத் தாங்கியோ பாலூட்டினால் காயத்தில் பாரம் விழாது. செவிலியர் அனுமதித்ததும் துணைக்கு ஒருவர் இருக்க நடக்கச் செய்யுங்கள். முதல் முறை சில அடிகள் போதும்.

முதுகில் போட்ட ஊசியால் ஆயுள் முழுதும் முதுகுவலி வரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஊசி போட்ட இடம் சில நாள் நோவது உண்மை. நீடித்த முதுகுவலிக்கோ கர்ப்பக் காலத்து மாற்றங்களும், குனிந்து பாலூட்டுவதும், குழந்தையைத் தூக்கிச் சுமப்பதுமே பெரும்பாலும் காரணம். இந்த அச்சத்தால் ஊசியை மறுக்க வேண்டியதில்லை.

உடனே சொல்ல வேண்டியவை

தணிந்துவந்த வலி மீண்டும் கூடுதல், 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், தையல் சிவத்தல், சீழ் வடிதல், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கண் மங்கலுடன் கடும் தலைவலி, உட்கார்ந்தால் மிகுந்து படுத்தால் குறையும் தலைவலி. இவற்றுள் எதுவாயினும், வீடு திரும்பிய பின்னரும், காலை வரை காத்திராமல் மருத்துவமனையை அணுகுங்கள்.

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லிச் செவிலியர் கேட்பார். அசையாமல் படுத்திருக்கையில் 2 என்று சொல்லும் தாய், எழுந்து உட்காரும்போது 7 என்பார். எங்களுக்கு இரண்டு எண்களும் தேவை. எழவும் நடக்கவும் பாலூட்டவும் இடையூறாக இருக்கும் வலிக்கு மருந்து உண்டு; இரவு எந்த நேரமானாலும் தயங்காமல் கேளுங்கள்.