மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லையா?

நம்மில் பலருடைய கடையிலும் கிட்டங்கியிலும் தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே அரைக் குதிரைத்திறன் மோட்டார் பம்ப் ஒன்று இருக்கும். சரக்குப் பிடிக்க ஆயிரம் யோசனை செய்யும் நாம், அந்த மோட்டாரை அது நின்ற அன்றுதான் நினைக்கிறோம். மெக்கானிக் வந்து "காயில் போய்விட்டது" என்றால் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்து விடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2018 கோடையில் மட்டும் என் கிட்டங்கி மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டினேன். இரண்டாம் முறை மாட்டிய நான்காம் நாளே மறுபடியும் தண்ணீர் நின்றது. இந்தத் தடவை எரிவதற்கு முன் நிறுத்திவிட்டு வேறொரு வயதான மெக்கானிக்கை அழைத்தேன். அவர் மோட்டாரைத் திறக்கவே இல்லை. பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழ்த்தொட்டியிலிருந்து வரும் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் நுரையைக் குழாய் உள்ளே இழுத்தது. அந்த இணைப்பைச் சரி செய்ததோடு வேலை முடிந்தது. அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைகிறது. தொட்டியின் மேலுள்ள காற்றின் அழுத்தம் கீழிருந்து தண்ணீரை ஏற்றி விடுகிறது. இந்தக் காற்று ஏற்றக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது இருபத்து மூன்று அடி வந்தாலே நல்லது. அதற்கும் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் மேலே வைத்த மோட்டாரை எத்தனை முறை மாற்றினாலும் ஏறாது. குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்று வந்துவிடும். இம்பெல்லருக்குக் காற்றைத் தள்ளும் வலு கிடையாது. இதைத்தான் ஏர்லாக் என்கிறார்கள்.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் உடனே எரிவதில்லை. முதலில் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள சீல் சூடேறிக் கெடுகிறது. அதன் வழியே கசியும் நீர் பேரிங்கில் இறங்கித் துருப்பிடிக்க வைக்கிறது. பேரிங் இறுகிய பிறகுதான், சுற்ற முடியாத மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துக் காயில் கருகுகிறது. காயிலை மட்டும் கட்டி மாட்டினால் பழைய நோய் அப்படியே இருக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

ஆகவே தண்ணீர் வரவில்லை என்றால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. பிறகு தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி வேளை இதுவேதான் காரணம். இருந்தால் பம்பின் வாய் மூடியைத் திறந்து நிரம்ப ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் அடியிலுள்ள புட்வால்வு மூடவில்லை. சாக்கு நூல், பாலிதீன் துண்டு ஏதாவது சிக்கியிருக்கும். அதை எடுக்கக் கடைப் பையனைத் தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்காற்று குறைந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. குழாயோடு வால்வை மேலே தூக்கிக் கழுவலாம். ஊற்றிய நீர் நிற்கிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் நுரை வைத்தியம்தான்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்பது வேறு கதை. மின்சாரத்தை முழுதும் துண்டித்து, பின்பக்க விசிறியைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், மலிவான சாமான். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோபாரட் அளவில்தான் புதிதும் வாங்க வேண்டும். கரண்டை நிறுத்திய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மாற்றும் வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். விசிறி அசையாமல் இறுகியிருந்தால் துருவோ பேரிங்கோ காரணம். அப்படியே சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் காயில் நிச்சயம் போகும். வோல்டேஜ் குறைவான மாலை நேரத்தில் ஓட்டுவதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

சீலிலிருந்து சொட்டும் தண்ணீரை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். மோட்டார் பக்கத்தில் சீனி மூட்டை அடுக்கியிருந்தால் ஒரு ராத்திரி போதும், அடி வரிசை முழுக்கப் பாகாகிவிடும். ஈரத் தரையில் நின்று சுவிட்சைத் தொடுகிற ஆளுக்கும் ஷாக் அடிக்கும். எர்த் இணைப்பும், கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

என் மோட்டாரின் கெப்பாசிட்டர் எண், சீல் அளவு, புட்வால்வு கடைசியாகக் கழுவிய தேதி மூன்றையும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாவிட்டாலும் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்து சாமான் வாங்கிவிடுவார்.