வரோவா உண்ணியைத் தேனீக்கள் எதிர்ப்பது எப்படி?

வரோவா, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள செம்பழுப்பு நிற உண்ணி. தேனீயின் உடலில் ஒட்டி வாழும் இது, மூடிய புழு அறைகளுக்குள் இனப்பெருக்கம் செய்யும்.

இதனுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய ஆசிய அடுக்குத் தேனீயிடம் மூன்று தற்காப்புகள் உள்ளன. முதலாவது, துப்புரவு: உண்ணி ஏறியதும் தேனீ உடலை உலுக்கிக் கால்களால் தேய்த்துத் தள்ளும், எட்டாத இடத்தில் கூட்டாளிகள் தாடையால் கவ்வி எடுக்கும். இரண்டாவது, உண்ணி தாக்கிய பணித்தேனீப் புழு விரைவில் இறந்துவிடும். வாடையை உணர்ந்த தேனீக்கள் மூடியைக் கடித்துத் திறந்து அதை அகற்றும். மூன்றாவது, ஆண் தேனீ அறையின் கெட்டியான மூடி: உண்ணிகளால் நலிந்த ஆண் தேனீயால் அதை உடைக்க முடியாது. பணித்தேனீக்களும் திறப்பதில்லை, உள்ளே சிக்கிய உண்ணிகளுக்கும் அதுவே சமாதி.

இத்தற்காப்புகள் ஐரோப்பியத் தேனீயிடம் குறைவு. உண்ணி பணித்தேனீ அறைகளிலும் பெருகுவதால், கவனிக்காவிட்டால் கூடே அழியும்.