ஒளிப்படமும் சரியான ஒளியளவும்

தில்லியிலுள்ள ஹுமாயூன் சமாதியை நண்பகலில் படம் பிடிப்போர் ஒரு சங்கடத்தைக் காண்பர். வெண்சலவைக்கல்லாலான குவிமாடம் வெயிலில் ஒளிர்கிறது. கீழே செந்நிற மணற்கல் வளைவுகளின் உட்புறம் நிழலில் ஆழ்ந்திருக்கிறது. மாடத்தைக் கருதி ஒளியைக் குறைத்தால் வளைவுகள் இருண்டுவிடுகின்றன. வளைவுகளைக் கருதி ஒளியைக் கூட்டினால் மாடம் வெறும் வெள்ளைத் திட்டாகிறது. இவ்விரண்டில் எது சரியான படம்? விடை காண, அளவைக்கு உட்பட்டது எது, விருப்பத்துக்கு உட்பட்டது எது எனப் பிரித்தறிதல் வேண்டும்.

அளவைக்கு உட்பட்டது

1890-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர், படத்தகடு பெற்ற ஒளிக்கும் அதில் தோன்றும் கருமைக்கும் உள்ள தொடர்பை அளந்து வெளியிட்டனர். அதுவரை பெரும்பாலும் அநுபவ ஊகமாக இருந்தது அளவையாயிற்று. இன்றைய டிஜிட்டல் காமிராவின் சாதாரணப் படக்கோப்பில் கருமை 0 எனவும் வெண்மை 255 எனவும் எண்களாகப் பதிவாகின்றன. ஒரு பகுதி முழுதும் 255-ஐ எட்டிவிட்டால் அங்கிருந்த நுட்பங்கள் அழிந்தன என்றே கொள்ளவேண்டும். பின்னர் கருமையாக்கினாலும் அவை மீளா. காமிரா காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தில் வலது ஓரத்தில் குவியல் தோன்றுவது இதற்கு அறிகுறி.

காமிராவின் ஒளிமானியும் பிழைபடும். காணும் பொருள் எதுவாயினும், அது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவிகிதத்தைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே அது கணக்கிடுகிறது. ஆதலால் படம் நிறைய எருமை நின்றால் அது வெளிறும். கொக்கு நின்றால் அது மங்கும். முன்னதற்கு ஒளியைக் குறைத்தும், பின்னதற்குக் கூட்டியும் திருத்தவேண்டும்.

கண்ணும் திரையும்

நம் கண் சூழ்நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. ஒரே படம் இருட்டறையில் பளிச்சென்றும் மே மாத வெயிலில் மங்கலாகவும் தோன்றும். எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறத்தரம், சதுரமீட்டருக்கு 80 கேண்டிலா ஒளிரும் திரையையே அடிப்படையாகக் கொண்டது. கைப்பேசித் திரைகளோ இதைப் போலப் பன்மடங்கு ஒளிரவல்லவை; சுற்றுப்புற ஒளிக்கேற்பத் தாமே மாறுபவை; இரவில் மஞ்சள் சாயல் கொள்பவையும் உண்டு. கேண்டிலாவின் தேசியத் தரத்தைப் புதுதில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் பேணிவருகிறது. அத்தகைய தரத்தோடு ஒப்பிட்டுச் சீர்செய்யப்படாத திரை, முத்திரையிடாத எடைக்கல்லைப் போன்றது.

விருப்பத்தின் எல்லை

திருமணப் படம் பிரகாசமாக இருக்கவேண்டும் என்பாரும், மழைமேகப் படம் இருண்டிருக்கவேண்டும் என்பாரும் தவறு செய்வோர் அல்லர். ஆனால் சான்றாகப் பயன்படும் படத்தில் விருப்பத்துக்கு இடமில்லை. நெற்பயிரில் தழைச்சத்துக் குறைந்தால் இலை வெளிர்ந்து மஞ்சளாகிறது. நலமுள்ள இலையை மிகை ஒளியில் படமெடுத்து அனுப்பினால், தொலைவிலிருந்து பார்க்கும் நிபுணர் யூரியா இடுமாறு கூற நேரலாம். உழவரின் பணம் வீணாவதுடன் பூச்சியும் நோயும் பெருகக்கூடும்.

ஆகவே கள ஊழியர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. இலையை நேர்வெயிலில் வையாது, சீரான நிழலில் படமெடுக்க.
2. 18 சதவிகிதச் சாம்பல் அட்டையொன்றை இலையருகே வைத்துச் சேர்த்தெடுக்க. சாதாரணப் படக்கோப்பில் அவ்வட்டையின் எண் ஏறத்தாழ 118 இருத்தல் நன்று.
3. ஒளியளவை ஒரு படி கூட்டியும் ஒரு படி குறைத்தும் மேலும் இரு படங்கள் எடுக்க.
4. திரையில் அழகாகத் தோன்றும் பொருட்டு நிறத்தை மாற்றாது அனுப்புக.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். வெள்ளைத் தாளையும் கறுப்புத் துணியையும் தனித்தனியே சட்டம் நிறையத் தானியங்கி முறையில் படமெடுக்கச் செய்க. இரண்டும் சாம்பல் நிறத்தை நெருங்கி வருவதை மாணவர் காண்பர். கருவி சொல்வதையும் கண் சொல்வதையும் அளவையால் சோதித்தே ஏற்கவேண்டும் என்பது அப்போது அவர்களுக்கு விளங்கும்.