கால் அசையாத ஆட்டம்

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலம் நடந்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். மண் தரையில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று இரும்புக் குண்டுகள். ஒருவர் குனிந்து தரையை உற்றுப் பார்ப்பார், கையை வீசுவார், குண்டு மேலே போய் 'தொப்'பென்று விழும். எல்லோரும் அதன் பின்னால் நடந்து போய் எது கிட்டே இருக்கிறது என்று வாக்குவாதம் செய்வார்கள். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வயசானவர்கள் பொழுது போக்குகிறார்கள் என்று நாமும் நகர்ந்துவிடுவோம்.

பெத்தாங்க் என்ற அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பவன் நிலையிலிருந்து ரசிகன் நிலைக்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குண்டைக் கையில் வாங்கிப் பார்க்காதவரை அது சோம்பேறி ஆட்டமாகத்தான் தெரியும். வாங்கிப் பார்த்தபின் அப்படித் தெரியாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்திலிருந்தே இது இங்கே ஆடப்படுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றியது 1674இல். துய்ப்ளே இறந்தது 1763இல். பெத்தாங்க் பிறந்ததோ 1907 வாக்கில். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் பிரான்சிலேயே இந்த ஆட்டம் உண்டானது. ஆகவே இங்கே வந்து சேர்ந்ததும் இருபதாம் நூற்றாண்டில்தான் இருக்க முடியும். அந்த நூற்றாண்டில்தான் நம் பக்கத்து சொல்தாக்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய், பென்ஷனோடும் பிரெஞ்சுப் பழக்க வழக்கங்களோடும் ஊர் திரும்பினார்கள்.

பிறந்த இடம் லா சியோத்தா, மார்செய் நகருக்குப் பக்கத்துத் துறைமுக ஊர். லுமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற படத்தில் ரயில் வந்து நிற்கும் நிலையம் இந்த ஊருடையதுதான். தென் பிரான்சில் அப்போதே ஒரு குண்டு விளையாட்டு இருந்தது. பதினைந்து மீட்டருக்கும் மேல் தூரம். குண்டை அடிக்கும்போது மூன்று எட்டு ஓடிவந்து வீச வேண்டும். ஜூல் ஊய்க் என்ற நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. அவருடைய நண்பர் எர்னெஸ்ட் பிதியோ ஆட்டத்தையே மாற்றினார்: தூரத்தைக் குறைத்தார், தரையில் ஒரு வட்டம் போட்டார், கால் இரண்டையும் அதற்குள் ஊன்றிக்கொண்டு வீசினால் போதும் என்றார். 1910இல் அதே ஊரில் முதல் போட்டி நடந்தது. ஒருவர் முழங்காலுக்காகச் செய்த சலுகை நாடு முழுவதற்கும் விளையாட்டானது. பழைய ஆட்டம் இன்றும் உண்டு, ஆனால் ஆடுபவர்கள் குறைவு.

விதி சிறியது. ஒருவர் சிறு மரப்பந்து ஒன்றை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் எறிகிறார். அதன் விட்டம் மூன்று சென்டிமீட்டர், நம் நெல்லிக்காய் அளவு. இரண்டு அணிகளும் தங்கள் குண்டுகளை அதற்குக் கிட்டே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யாருடைய குண்டு இப்போது கிட்டே இல்லையோ அவர்கள்தான் அடுத்து வீச வேண்டும். முந்தும்வரை அல்லது கையில் குண்டு தீரும்வரை வீசிக்கொண்டே இருக்கலாம். எல்லாம் முடிந்ததும், எதிராளியின் மிக நெருங்கிய குண்டைவிடக் கிட்டே இருக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. முதலில் 13 எடுப்பவர் வெற்றி. மூவர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டு. இருவர் அணியிலும் தனி ஆட்டத்திலும் ஆளுக்கு மூன்று. வீசிய குண்டு தரையைத் தொடும்வரை கால் வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

இனி குண்டுக்கு வருவோம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் குண்டு மரத்தால் ஆனது. பிரான்சின் தெற்கு மலைப்பகுதியில் எகீன் என்ற கிராமத்தில் பாக்ஸ் மரத்தின் வேரைக் கடைந்து, அதன் மேல் ஆணிகளை நெருக்கமாக அடித்து இறக்குவார்கள். ஆணித் தலைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்க, குண்டு முழுக்க உலோகக் கவசம் போர்த்தியது போல ஆகிவிடும். கலைப்பொருளாக அலமாரியில் வைக்க அருமையானது. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் வெடிக்கும், ஒரு பக்கம் எடை கூடி ஓரமாக உருளும். 1920களில் முழு உலோகக் குண்டுகள் வந்ததும் ஆணிக் குண்டுகளின் காலம் முடிந்தது.

இன்று போட்டிக் குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டருக்கும் 80 மில்லிமீட்டருக்கும் இடையில், எடை 650 கிராமுக்கும் 800 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். கிரிக்கெட் பந்தைவிட நாலைந்து மடங்கு கனம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு முழுக்க எஃகாக இருந்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். 700 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே வெற்றுக்கூடு என்று அர்த்தம். ஓட்டின் கனம் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் வரும்.

இதைச் செய்யும் முறையும் அதற்கேற்றதே. எஃகுக் கம்பியைத் துண்டுபோட்டு, பழுக்கக் காய்ச்சி, அழுத்தித் தட்டாக்கி, தட்டைக் கிண்ணமாக்குகிறார்கள். இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்து, கடைசல் இயந்திரத்தில் உருட்டி, எடையும் எண்ணும் பொறித்து, பிறகு சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குகிறார்கள். பிரான்சில் சென் பொன்னே லெ ஷாத்தோ என்ற சிற்றூர் இதற்குப் பேர்போனது; ஒபுட் நிறுவனம் 1955 முதல் அங்கே இருக்கிறது. உள்ளே ஈயமோ மணலோ நிரப்பி ஏமாற்றக்கூடாது என்று விதியில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது தெளிவு.

குண்டு வெற்றாக இருப்பதால் எடை குறைவது ஒரு லாபம் மட்டும். அதைவிடப் பெரிய லாபம் சுழற்சியில். எடை முழுவதும் மையத்தை விட்டு ஓட்டுக்கு ஒதுங்கிவிடுவதால், அதே எடையும் அதே அளவும் கொண்ட நிரம்பிய குண்டைவிட இது சுழற்சியை விடாமல் வைத்துக்கொள்ளும். வீசுபவர்கள் கையைக் கவனியுங்கள். உள்ளங்கை தரையைப் பார்த்திருக்கும், குண்டு அதன் அடியில். விடும்போது விரல் நுனியில் உருண்டு கழல்வதால் குண்டு பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னே போகிறது. தரையைத் தொட்டதும் அந்தப் பின்சுழல் மண்ணோடு உராய்ந்து குண்டின் ஓட்டத்தைப் பிடித்து இழுக்கிறது. எட்டு மீட்டர் தூரம் போன முக்கால் கிலோ இரும்பு, விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து நின்றுவிடுவது இதனால்தான். உள்ளங்கையை மேலே காட்டி வீசிப் பாருங்கள், குண்டு சாக்கடை வரை போகும்.

ஆட்டக்காரர்களில் இரண்டு சாதி உண்டு: கிட்டே கொண்டுபோய் ஒட்டி வைப்பவர், எதிராளியின் குண்டை அடித்துத் தூக்குபவர். ஒட்டுபவர் சற்றுச் சிறிய, கனமான, மேலே கோடு வெட்டிய குண்டை விரும்புவார். கோடு விரலுக்கும் மண்ணுக்கும் பிடி கொடுக்கும். அடிப்பவர் சற்றுப் பெரிய, லேசான, வழவழப்பான குண்டை எடுப்பார். பெரிய குண்டு குறி தவறும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

அடிப்பதில் உச்சம் ஒன்று உண்டு. வந்த குண்டு எதிராளியின் குண்டின் மேல் நேராக மோதி, அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தான் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வது. பிரெஞ்சில் இதற்குக் 'கர்ரோ' என்று பெயர். கேரம் ஆடியவர்களுக்கு இதன் சூட்சுமம் பாதி தெரியும்: ஒரு காயை இன்னொரு காய் நேராக இடித்தால், இடித்தது நின்றுவிடும், இடிபட்டது ஓடும், ஏனென்றால் இரண்டும் ஒரே எடை. ஸ்ட்ரைக்கர் அப்படி நிற்காது, அது கனம். பெத்தாங்கில் இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் வேகம் அப்படியே கைமாறுகிறது. எஃகு மோதலில் கொஞ்சம் வேகம் மிஞ்சத்தான் செய்யும். அந்த மிச்சத்தைப் பின்சுழல் தின்றுவிடுகிறது. மென்மையான எஃகு என்றால் மோதலின் துள்ளலும் குறையும் என்பதால் அடிப்பவர்கள் அதையே தேடுவார்கள். அதற்காகக் குண்டை அடுப்பில் சுட்டு மென்மையாக்கினால் தடை செய்துவிடுவார்கள்.

மீதிப் பாதி தரையின் கையில் இருக்கிறது. பெத்தாங்குக்குப் புல்தரை வேண்டாம், சிமென்ட் ஆகவே ஆகாது. இறுகிய மண், மேலே கொஞ்சம் கற்பொடி, அவ்வளவுதான். பெரிய போட்டிக்கே 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் போதும். வில்லியனூர்ப் பக்கம், சங்கராபரணி ஓரத்தில் இருக்கும் எங்கள் செல்லிப்பட்டில் திடல் என்றால் கிரிக்கெட்தான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படுகை அணை கட்டிய ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் 'பீச்ல ஆடுவாங்களே, அதா?' என்கிறார்கள். எனக்கென்னவோ நகரத்தைவிட எங்கள் பக்கத்து மண்ணே இதற்குத் தோதாகப் படுகிறது. கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தாண்டி வரும் ஆறு கூழாங்கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வருகிறது. மேட்டில் செம்மண்ணும் சரளையும். இப்படி மேடு பள்ளமான தரையில்தான் ஒட்டுபவரின் புத்தி தெரியும். அவர் சிறுபந்தைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால், குண்டு எங்கே விழ வேண்டுமோ அந்தக் கையகல இடத்தைத் தேடுகிறார். நடந்து போய்க் கிட்டே நின்று பார்க்கிறார். முந்தைய குண்டு விழுந்த பள்ளம் ஒன்றை மட்டும் மூடிவிட விதி அனுமதிக்கிறது. தரை சமமென்றால் உருட்டிவிடலாம். கல் மிகுந்தால் உயரத் தூக்கிச் செங்குத்தாக இறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் குழைந்து குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். தை பிறந்து தரை காய்ந்த பிறகு ஆட்டமே வேறு.

ரசிகனாக இருப்பதும் இதில் சுலபம். பிரிட்டனில் பேஸ்பால் பிடித்துத் தொலைத்தவர்கள் பாவம். நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் லண்டனில் நள்ளிரவில் தொடங்கும். நமக்குப் பிரான்சோடு கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். ஜூலை மாதம் மார்செய் நகரில் நடக்கும் பெரிய போட்டியின் பிற்பகல் ஆட்டங்கள் இங்கே அந்தி நேரத்தில் கைப்பேசியில் வந்துவிடும். அந்தப் போட்டி தொடங்கியது 1962இல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில். மூவர் அணியாகப் பெயர் கொடுக்கும் யாரும் ஆடலாம் என்பதால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். உலக சாம்பியன் முதல் சுற்றில் ஒரு மீன் வியாபாரியோடு மோத நேரலாம். பிரெஞ்சு ஆட்டக்காரர் திலான் ரொஷே அடிப்பதைப் பாருங்கள். கை வீச்சில் அவசரமே இருக்காது. குண்டு மண்ணைத் தொடாமல் நேரே இரும்பில்தான் இறங்கும். அதே நாட்டு பிலிப் கேன்தே ஆடுவதைப் பார்த்தால் ஒட்டுவது, அடிப்பது என்ற சாதிப் பிரிவே பொய்யோ என்று தோன்றும்.

எனக்கு அதிகம் பிடித்தது வேறொரு அணி: மடகாஸ்கர். அவர்களும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவர்கள்தான். 1999இல் உலகப் பட்டத்தை வென்றார்கள். 2016இல் தங்கள் தலைநகர் அன்டனனரிவோவிலேயே நடந்த போட்டியில் மீண்டும் வென்றார்கள். இறுதியில் எதிரே நின்றது ஆப்பிரிக்காவின் பெனின், அதுவும் பழைய பிரெஞ்சுக் காலனி. பிரான்சு அந்த இறுதி ஆட்டத்தில் இல்லவே இல்லை. பிரெஞ்சு ஆட்சியே காணாத தாய்லாந்தில் அப்போதைய அரசரின் தாயார் ஸ்ரீநகரிந்திரா இந்த ஆட்டத்தைப் பரப்ப, அந்நாட்டுப் பெண்கள் உலக சாம்பியன்களாகிவிட்டார்கள். புதுச்சேரியிடம் மண்ணும் இருக்கிறது, மரபும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட மைதானங்களில் இது இல்லை. கடற்கரைத் தாத்தாக்களிடமே விட்டுவைத்திருக்கிறோம். குறை ஆட்டத்தினுடையது அல்ல.

குண்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பொம்மைக் கடை செட்டில் இருப்பது மெல்லிய தகரம், ஆறு மாதத்தில் சொட்டை விழும். எடையும் எண்ணும் பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எஃகு என்றால் நம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஆடி முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய காந்தம் விற்கிறார்கள். மூட்டுவாதக்காரருக்காகப் பிறந்த ஆட்டம் இன்னும் அவரை மறக்கவில்லை.

தோற்பதிலும் ஒரு சடங்கு உண்டு. 13க்கு ஒரு புள்ளி கூட எடுக்காமல் தோற்றவர், 'ஃபனி' என்ற பெண்ணின் படத்திலோ சிலையிலோ, சொல்லக் கூசும் ஓர் இடத்தில், மண்டியிட்டு முத்தம் கொடுக்க வேண்டும். தென் பிரான்சுக் கழகங்களில் அதற்கென்றே படம் மாட்டி வைத்திருப்பார்கள். செல்லிப்பட்டில் ஆட ஆரம்பித்தால் அந்த விதியை மட்டும் மாற்றி, ஜெயித்தவர்களுக்கெல்லாம் டீயும் வடையும் தோற்றவர் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.